அமைதிப் பூங்காவாகக் கல்லூரி நடத்துவது எப்படி?

ஜி.எஸ்.டி. ரோட்டில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர் கல்யாண மண்டபம் கட்டுவார். நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர் கல்லூரி கட்டுவார். தாம்பரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் வருகிறவர்கள் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் தாண்டும்போது ஜன்னல் வழியாகவே இதைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் ரோடு பிரிகிற இடத்தில் காலை ஏழரை மணிக்கு நின்றால் கம்பெனி பஸ் பாதி, காலேஜ் பஸ் பாதி. ஊர்க்காரன் ரோட்டைக் கடப்பதற்குள் கையில் இருக்கிற டீ ஆறிவிடும். இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இருந்தாலும், புதிதாகக் கல்லூரி தொடங்கப்போகும் தாளாளர் ஐயாக்களுக்குச் சில யோசனைகள் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

இடம், கட்டடம், ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி, மேனேஜ்மென்ட் கோட்டா இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பாடம் ஒன்றே ஒன்றுதான்: வளாகத்துக்குள் அரசியலும் அடிதடியும் நுழையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் மனசார நம்ப வேண்டும். நம்ப முடியாதவர்கள் கல்யாண மண்டபமே கட்டலாம்.

கேட்

கட்டடத்துக்கு முன்னால் கேட்டைக் கட்டுங்கள். மேலே வளைவு, வளைவில் உங்கள் தகப்பனார் பெயர், பக்கத்தில் செக்யூரிட்டி ரூம், அதில் ஒரு நோட்டு. பெயர், ஊர், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு, கையெழுத்து. அந்த நோட்டைப் பிறகு யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை; ஆனாலும் எழுத வையுங்கள். தான் வெளியாள் என்பது எழுதுகிறவருக்கு அந்த நேரத்தில் நன்றாக உறைக்கும்.

ஒரு சிக்கல் வரும். நீங்கள் வாங்கிய நிலத்தின் குறுக்கே ஊர்க்காரர்கள் ஏரிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கும். பத்திரத்தில் இருக்காது.

"தாத்தா, எங்க போறீங்க? ஐடி கார்டு இருக்கா?"

"எருமை உள்ள போயிடுச்சு தம்பி."

"எருமைய யாரு உள்ள விட்டது?"

"உங்க கேட்டு வர்றதுக்கு முன்னாடியிலேருந்து அது போய்க்கிட்டுதான இருக்கு."

இந்த மாதிரிப் பேச்சு நீண்டால் செக்யூரிட்டி மனம் மாறிவிடுவார். அவரும் பக்கத்து ஊர்க்காரர்தான். அந்த ஏரியில் குளித்தவராகக்கூட இருப்பார். ஆகவே ஏஜென்சிக்காரரிடம் சொல்லி வடக்கிலிருந்து ஆள் எடுங்கள். பாஷை தெரியாதவரிடம் எருமையின் பூர்வீகம் செல்லாது.

கேட்டுக்கு மேல் கேமரா. சென்னைப் போலீஸ் இதற்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மருக்கும் நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. பல்லவர் குடைந்த குகையில் உட்கார்ந்திருப்பவர். அர்ச்சகர் நாமத்தை விலக்கித் தீபத்தைத் தூக்கிப் பிடித்தால்தான் அந்தக் கண் தெரியும். மற்ற நேரத்தில் மூடியே இருக்கும். கல்லூரிக் கேமராவும் அப்படித்தான் இருக்க வேண்டும். என்ன ஒன்று, ஏதாவது நடந்த பிறகு விலக்கிப் பார்த்தால் அர்ச்சகர் காட்டுவதுபோல் இங்கே கண் இருக்காது.

வெளியார்

அடுத்து, ஆபத்து வெளியிலிருந்துதான் வருகிறது என்பதை எல்லோர் மனதிலும் பதிய வைக்க வேண்டும்.

2024 டிசம்பர் 23 இரவு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இதில் கேலிக்கு இடமில்லை. குற்றவாளி பக்கத்தில் பிரியாணிக் கடை போட்டிருந்தவர். 2025 ஜூன் 2-ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கொடுத்தது. கேலிக்கு இடம் கொடுத்தவர்கள் மற்றவர்கள். குற்றவாளி ஆளுங்கட்சியின் உறுப்பினரா, வெறும் அனுதாபியா என்று சட்டசபை வரைக்கும் பட்டிமன்றம் நடந்தது. 'யார் அந்த சார்?' என்று ஒரு கட்சி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியது. இன்னொரு கட்சித் தலைவர் கோயம்புத்தூரில் சட்டையைக் கழற்றித் தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொண்டார். வளாகத்தில் அடையாள அட்டைக் கெடுபிடி வந்தது, வெளியாருக்குத் தடை வந்தது. இத்தனை கதவும் சாத்தப்பட்ட அதே வாரத்தில், எது வெளியே வரவே கூடாதோ அது வந்தது: மாணவியின் அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆர். ஊருக்கே திறந்துவிடப்பட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

தாளாளர் ஐயா இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் விளக்குக் கம்பம் நடுவதோ, புகார் சொல்ல வருகிற பெண்ணை உட்கார வைத்துக் கேட்பதோ அல்ல. அதெல்லாம் செலவு. காலையில் மரத்தடியில் நடக்க வருகிற ரிட்டயர்டு தபால்காரரை நாளையிலிருந்து நிறுத்துங்கள். அவர் எதிர்க்க மாட்டார். சர்க்கரை வியாதிக்காரர், சண்டைக்குத் தெம்பு இருக்காது. நடவடிக்கை எடுத்தாயிற்று என்று அன்று மாலையே சொல்லிவிடலாம். இது ஃபாரின் முறையும்கூட. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காஸா போராட்டம் நடந்த 2024-இல், அக்கம்பக்கத்தார் காலங்காலமாகக் குறுக்கே நடந்துபோன பாதைக்குத்தான் பூட்டு விழுந்தது.

உள்ளே இருக்கிறவர்களே அடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். கேட்பவரை மேலே பேச விடாதீர்கள். 2017 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவரைக் கண்ணில் அடிபடும் அளவுக்குத் தாக்கியது சக மாணவர்தான். காடும் மானும் கேட்டும் காவலும் உள்ள வளாகம். அடித்தவர், அடிபட்டவர் இருவர் கழுத்திலும் ஐடி கார்டு.

ரயில்வே துணை

வளாகத்துக்குள் அமைதி வந்த பின் சண்டை எங்கே போகும் என்று கவலைப்பட வேண்டாம். அதற்கு அரசுப் பேருந்தும் தெற்கு ரயில்வேயும் இருக்கின்றன.

சென்னைக் கல்லூரிகளில் 'ரூட்டு தல' என்று ஒரு பதவி உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவி. ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ரயில் தடத்துக்கும் ஒரு தல. கட்சி கிடையாது, கொள்கை கிடையாது. படிக்கட்டு, கானா, கல்லூரிப் பெயரில் கோஷம். எதிர்க் கல்லூரிக்காரன் ஏறினால் தீர்ந்தது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தியோடு புகுந்தார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷனில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் அடித்ததில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். திருத்தணிப் பக்கத்துப் பையன்.

சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்து, கேண்டீன் விலையைப் பற்றியோ ஸ்காலர்ஷிப் பணத்தைப் பற்றியோ நாலு பேர் முன்னால் பேசப் பழகாத பையன் பஸ் நம்பருக்குத் தலைவனாகிறான் என்பது என் சொந்தக் கணிப்பு. இதை உங்கள் டிசிப்ளின் கமிட்டியில் சொல்லிவிடாதீர்கள். 'சம்பவம் கல்லூரிக்கு வெளியே நடந்தது' என்ற ஒரு வரியை முன்கூட்டியே டைப் அடித்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

போலீஸ்

போலீஸை எப்போது கூப்பிடுவது, எப்போது கூப்பிடாமல் இருப்பது என்பது தனி வித்தை. இதற்கான பாடம் பாரிமுனையில் நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2008 நவம்பர் 12. டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. 1891-இல் தொடங்கிய கல்லூரி, உயர் நீதிமன்றத்தோடு ஒட்டிய செங்கல் நிறக் கட்டடம். அன்று தேர்வு நாள். இரண்டு வாரத்துக்கு முன் தேவர் ஜெயந்திக்கு ஒட்டிய போஸ்டரில் கல்லூரியின் பெயரிலிருந்து 'டாக்டர் அம்பேத்கர்' என்பதை விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள். தலித் மாணவர்களுக்கும் தேவர் சாதி மாணவர்களுக்கும் இடையே அதற்கு முன்பிருந்தே புகைந்துகொண்டிருந்தது அன்று கத்தியும் கம்பும் இரும்புத் தடியுமாக வெளியே வந்தது. விழுந்து கிடந்தவரைச் சுற்றி நின்று அடித்ததை டி.வி. கேமராக்கள் எடுத்தன, தமிழ்நாடே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தது. கேட்டுக்கு வெளியே நின்று போலீஸும் பார்த்தது. கேட்டால், உள்ளே போகக் கல்லூரி முதல்வர் அனுமதி தரவில்லை என்றார்கள். கைதுக்குரிய குற்றம் கண்முன் நடந்தால் போலீஸ்காரர் தம்மால் முடிந்த மட்டும் தடுத்தே ஆக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 149-ஆம் பிரிவு அப்போது சொல்லிக்கொண்டிருந்தது. சட்டக் கல்லூரி வாசலில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், அந்தப் பிரிவு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றே மாதம் கழிந்தது. 2009 பிப்ரவரி 19. வக்கீல்களோடு தகராறு. பக்கத்து உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் இந்த முறை யார் அனுமதிக்கும் காத்திராமல் புகுந்தது. வக்கீல்கள் மண்டை உடைந்தது. தடுக்க வந்த நீதிபதி ஒருவருக்கும் காயம்.

டெல்லிக்காரர்கள் இதே பாடத்தைத் தலைகீழ் வரிசையில் நடத்தினார்கள். 2019 டிசம்பர் 15 அன்று ஜாமியா மில்லியா நூலகத்துக்குள் போலீஸ் லத்தியோடு போனது. 2020 ஜனவரி 5 அன்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முகமூடிக் கும்பல் ஹாஸ்டல் ஹாஸ்டலாக அடித்து நொறுக்கியபோது கேட்டுக்கு வெளியே நின்றது.

பாரிமுனைக்கே வருகிறேன். அடிதடிக்குப் பிறகு அரசு நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தது. கல்லூரியையே வேறு இடங்களுக்கு மாற்றுவது என்று அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. மெட்ரோ சுரங்கம் தோண்டியதில் கட்டடம் விரிசல் விட்டதும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. மாணவர்கள் மறியல் செய்து பார்த்தார்கள், நடக்கவில்லை. 2018-இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து ஒன்று திருவள்ளூர்ப் பக்கம் பட்டறைப்பெரும்புதூருக்கும், ஒன்று நம் பக்கம் கேளம்பாக்கத்தை ஒட்டிய புதுப்பாக்கத்துக்கும் போனது. போஸ்டரில் விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்க்க முடியாத அரசாங்கத்தால் நூறு வருஷத்துக்கு மேலான கல்லூரியைத் தூக்கி இரண்டு ஊரில் வைக்க முடிந்தது. தாளாளர் ஐயா இந்த நிர்வாகத் திறமையைக் கவனிக்க வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு எங்கள் ஊரிலிருந்து சட்டம் படிக்கப் போகிற பையன் செங்கல்பட்டு லோக்கலில் உட்கார்ந்தால் பீச்சில் இறங்கி நடந்துவிடுவான். வகுப்பு முடிந்து சுவரைத் தாண்டினால் உயர் நீதிமன்றம். பெரிய வக்கீல்கள் வாதாடுவதைக் கடைசி வரிசையில் நின்று கேட்கலாம். இப்போது வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்தால் குன்றின் மேல் ஆஞ்சநேயர் இருக்கிறார். அவர் யார் பக்கமும் வாதாட மாட்டார்.

போகிற போக்கில் ஒரு செய்தி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலைஹு யேல் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவருடைய குழந்தை டேவிட்டின் சமாதி அந்தப் பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக்குள்தான் இருக்கிறது. மெட்ரோவுக்கும் பார்க்கிங்குக்கும் இடைஞ்சல் என்று அதையும் அகற்றச் சொல்லி 2023-இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. 2008 கலவரத்தில் அந்தக் குழந்தைக்குப் பங்கு எதுவும் இல்லை.

உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது நடந்து அறிக்கை விட நேர்ந்தால் சாதி என்ற சொல்லை எழுதக் கூடாது. 'இரு தரப்பு மாணவர்களிடையே வாய்த்தகராறு' என்று எழுதுங்கள். எந்த இரு தரப்பு என்று ஊருக்கே தெரியும். அறிக்கைக்குத் தெரியக் கூடாது.

விடுமுறை

கல்லூரி நிர்வாகத்தின் பிரம்மாஸ்திரம் காலவரையற்ற விடுமுறை. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவியதும் அரசு, கல்லூரிகளை இழுத்து மூடி, ஹாஸ்டலையும் காலி செய்யச் சொன்னது. ஹாஸ்டலை மூடுவதுதான் நுட்பம். பசியோடு உட்கார்ந்தவனுக்கு மெஸ் தேவையில்லை, படுக்க இடம் வேண்டுமே.

ஆனால் அளவாகப் பயன்படுத்துங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகப் பையன்கள் கூடியபோது பல கல்லூரிகள் அவசரமாக விடுமுறை விட்டன. வகுப்பில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து மெரினாவுக்குப் போய்விட்டார்கள்.

தேர்தலும் விருந்தினரும்

மாணவர் தேர்தல் வேண்டாம். லிங்டோ கமிட்டி சொன்னதை ஏற்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்த விதிமுறை கொடுத்தது: வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதித்தான் ஒட்ட வேண்டும். இவ்வளவு சிக்கனமான தேர்தலைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது. அதனால்தான் தனியார் கல்லூரிகள் பலவும் அந்த 5,000 ரூபாயையும் மிச்சம் பிடித்துவிட்டன. ஹெச்.ஓ.டி. கைகாட்டும் பையன் கிளாஸ் ரெப். சாக்பீஸ் எடுத்து வருவான்.

விவாதக் குழு, வாசகர் வட்டம் என்று வருவார்கள். அதற்கும் சென்னை ஐ.ஐ.டி. வழிகாட்டியிருக்கிறது. 2015-இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தைப் பற்றி டெல்லி அமைச்சகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது, அங்கீகாரம் ரத்தானது. நாடெங்கும் சத்தம் எழுந்ததும் அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த வட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களெல்லாம் கேள்விப்பட்டுவிட்டார்கள். நீங்கள் ரத்து செய்யாதீர்கள். ஹால் இல்லை என்று சொல்லுங்கள்.

அரசியல் அடியோடு கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். கூடவே இருபது வண்டி வரும், கொடி கட்டி. அந்த வண்டிக்காரர்களிடம் ஐடி கார்டு கேட்கக் கூடாது. நோட்டை அன்று மேஜைக்கு உள்ளே வைத்துவிடுங்கள். கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதானால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. எதிர்த்த மாணவர்களைப் போலீஸ் அடித்தது. உதயகுமார் என்ற மாணவர் பிணமாகக் குளத்தில் கிடந்தார். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அதே சிதம்பரத்தில் போலீஸ் சுட்டு இறந்த மாணவர் ராஜேந்திரனுக்குப் பல்கலைக்கழக வாயிலில் சிலை இருக்கிறது. உதயகுமாருக்கு இல்லை. எந்த மாணவர் எந்த ஆட்சியில் செத்தார் என்பதைப் பொறுத்து அவர் மொழிப்போர்த் தியாகியாகவோ தூண்டிவிடப்பட்டவராகவோ ஆகிறார்.

அந்த 1965 போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர் பெ. சீனிவாசன். இரண்டே வருஷத்தில் விருதுநகரில் நின்று காமராஜரை 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இன்றைக்குப் பட்டமளிப்பு மேடையில் உட்கார்ந்து 'மாணவர்கள் அரசியலில் ஈடுபடாமல் படிப்பில் கவனம் செலுத்த வேண்டும்' என்று அறிவுரை சொல்கிற பெரியவர்களின் கட்சி கோட்டைக்குப் போனது அந்தத் தேர்தலில்தான். விழாவில் இதை எந்த மாணவனாவது எழுந்து கேட்டுவிடாதபடி முன் நாலு வரிசையில் கட்சிக்காரர்களையும் அதற்குப் பின்னால் பேராசிரியர்களையும் உட்கார வையுங்கள்.

கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்று யாராவது விடாப்பிடியாக வந்து நின்றால் விண்ணப்பப் படிவம் கொடுங்கள். மூன்று நகல், வார்டன் கையெழுத்து, ஹெச்.ஓ.டி. கையெழுத்து, பெற்றோரின் உறுதிமொழிக் கடிதம். பேச வருகிறவர் பெயர், அவர் என்ன பேசுவார், கேட்கிறவர்கள் என்ன கேள்வி கேட்பார்கள் என்பதற்கு ஒரு பத்தி. கூட்டம் நடக்கும் தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடச் சொல்லுங்கள். செமஸ்டர் பரீட்சை அட்டவணை வந்த பிறகு ஆபீஸில் நிரப்பிக்கொள்வார்கள்.